நெடுஞ்சாலை ஓரம் இல்லமா?

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும்போது, சாலையின் இருமருங்கும் மனை விற்பனைப் பலகைகள் நிற்பதைக் காண்கிறோம். பலகை யாருடையதாயினும் அதில் தவறாது இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு: ‘நெடுஞ்சாலைக்கு மிக அருகில்’. விற்போர் இதனைப் பெருஞ்சிறப்பாகக் கூறுகின்றனர். வாங்குவோரும் அவ்வாறே கருதுகின்றனர். கடை வைப்போர்க்கு இது சிறப்பே. குடும்பத்தோடு குடியிருக்க வீடு கட்டுவோர்க்கும் இது சிறப்பாகுமா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

வீடு கட்டுதல் நம்மவர் வாழ்வில் ஒருமுறையே நிகழும் பெருஞ்செயல். தோல் தொழிலிலும் காலணித் தொழிலிலும் உழைத்தோ, கடல் கடந்து சென்று பொருளீட்டியோ, பல்லாண்டு சேர்த்த செல்வம் முழுவதும் அதில் முடங்குகிறது. அணியும் ஆடை பொருந்தாவிடில் மாற்றிக்கொள்ளலாம். கட்டிய வீடு பொருந்தாவிடில் என் செய்வது?

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் புதுமனையில் ஓர் இரவு தங்கினோம். இருபத்திரண்டு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்து அவர் எழுப்பிய வீடு அது. முகப்பில் அழகிய திண்ணை இருந்தது. ஆயின் அதில் அமர்ந்து பேசுவார் இல்லை, பேசினாலும் கேட்பதில்லை. தேக்கு மரச் சன்னல்கள் இருந்தன. புழுதிக்கும் புகைக்கும் அஞ்சி அவற்றைத் திறப்பதில்லை. நள்ளிரவில் சரக்குந்துகள் விரையும்போதெல்லாம் அலமாரியிலிருந்த கண்ணாடிக் குவளைகள் மெல்ல நடுங்கின. காலையில் எழுந்து பார்த்தபோது, அவருடைய முதிய தாயார் தமக்கெனக் கட்டப்பட்ட முன்னறையை விடுத்து, சமையலறைக்குப் பின்னுள்ள குறுகிய இடத்தில் படுத்திருந்தார். காரணம் வினவினோம். “வீடு நல்ல வீடுதான் தம்பி, தூக்கம்தான் இன்னும் குடிவரவில்லை” என்றார்.

அவ்வம்மையார் கூறியது வெறும் முதுமையின் முறையீடு அன்று. நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல் என்பதே அவை விதிக்கும் வரம்பு. பத்து டெசிபெல் கூடினால் ஓசை ஏறத்தாழ இருமடங்காகச் செவிக்குத் தோன்றும். ஓயாது ஊர்தி செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இவ்வரம்பு இரவிலும் மீறப்படுவதை நாம் அறிவோம். விலகிச் சென்றாலும் ஒலி விரைவில் தணிவதில்லை. தடையற்ற வெளியில் தொலைவு இருமடங்காகும்போது சாலையோசை மூன்று டெசிபெல் அளவே குறைகிறது. பத்து மீட்டரில் இருக்கும் வீட்டை இருபது மீட்டருக்குத் தள்ளிக் கட்டியதனால் மட்டும் உறக்கம் வந்துவிடாது.

புகையைப் பற்றியும் சொல்லல் வேண்டும். டீசல் எந்திரப் புகை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று, உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. சாலையிலிருந்து சில நூறு மீட்டர் விலகினால் இப்புகையின் செறிவு பெரிதும் குறைகிறது. நாள் முழுதும் வீட்டிலேயே இருப்போர் யாவர்? மழலையர், முதியோர், இல்லத்தரசியர். பொருள் ஈட்டுபவர் வெளியே சென்றுவிட, புகையை நுகர்வோர் இவர்களே.

மூன்றாவது இடர் சாலை அகலமாதல். முன்பு 46 என்னும் எண்ணைத் தாங்கி, இன்று 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதியாகிவிட்ட நம் சாலையையே காண்க. தங்க நாற்கரத் திட்டத்தில் நான்கு வழியாயிற்று. பின்னர் ஆறு வழியாக விரிந்தது. நாளை என்னாகும் என்று யார் உறுதி கூற இயலும்? ஊர்ப்புறச் சமவெளியில் நெடுஞ்சாலையின் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பலாகாது என்றும், 75 மீட்டர் வரை கட்டுப்பாட்டுடனேயே எழுப்பலாம் என்றும் இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. பலகையைப் பார்த்து மனை வாங்குவோருள் இந்த அளவைக் கேட்டறிந்தோர் எத்தனை பேர்?

“சாலையோர மனைக்கு விலை ஏறுமே” என்று பெரியவர்கள் கூறுவர். உண்மைதான். ஆனால் விலை ஏற்றம் விற்பவர்க்கே பயன் தரும்; பேரப்பிள்ளைகள் வரை வாழ்வதற்கெனக் கட்டிய வீட்டை விற்பார் யார்? விற்கப்போகாத பொருளின் விலை ஏற்றத்துக்காக ஒவ்வோர் இரவின் உறக்கத்தையும் கொடுத்துக்கொண்டிருப்பது எவ்வகை வாணிகம்?

“பேருந்தும் மருத்துவமனையும் அண்மையில் வேண்டாவா? பெண்மக்கள் கல்லூரிக்குச் சென்று வர வசதி வேண்டாவா?” என்று கேட்பாரும் உளர். இது தள்ளத்தக்க வாதம் அன்று. சாலை அருகில் வந்ததனால்தான் நம் பெண்மக்கள் பலர் பட்டம் பெற்றனர் என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம். ஆயினும், நடந்து எட்டும் தொலைவில் சாலை இருப்பது வேறு. வாயிற்படியில் சாலை இருப்பது வேறு. மேலும், இடையில் தடுப்பு எழுந்த நெடுஞ்சாலையில், எதிர்ப்புறத்துப் பேருந்து நிறுத்தத்தை அடைய நெடுந்தொலைவு சுற்ற வேண்டும். அல்லது உயிரைப் பணயம் வைத்துத் தடுப்பைத் தாண்ட வேண்டும். அண்மை எனப்படுவது அங்கே அண்மையாக இல்லை.

நம் முன்னோர் பெருவழிகளை அறியாதவர் அல்லர். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் இன்றும் காதக் கணக்கைக் காட்டி நிற்கின்றன. அத்தகைய வழிகளின் ஓரத்தில் அவர்கள் அமைத்தவை சத்திரமும் சாவடியும் சுமைதாங்கியும். வழிப்போக்கன் இளைப்பாறுதற்கு உரிய இடம் வழியோரம். குடும்பம் இளைப்பாறுதற்கு உரிய இடம் ஊர்நடு என்று வகுத்து வாழ்ந்தனர்.

முன்னரே சாலையோரத்தில் மனை வாங்கிவிட்டோர் மனந்தளர வேண்டுவதில்லை. முன்பகுதியைக் கடைக்கோ கிடங்குக்கோ விட்டு, இல்லத்தைப் பின்னே தள்ளி எழுப்பலாம். படுக்கையறைகளைப் பின்புறத்திலும், மாடிப்படி, குளியலறை, பொருளறை ஆகியவற்றைச் சாலைப்புறத்திலும் அமைக்கலாம். மரங்கள் நிழல் தரும். ஆயினும் ஒரு வரிசை மரம் ஓசையைத் தடுக்காது. சாலையைக் கண்ணுக்கு மறைக்கும் உயரத்தில் இடைவெளியற்ற மதில் எழுப்பினால் ஓசை ஓரளவு தணியும்.

இனி மனை வாங்கவிருக்கும் இளைஞர்க்கும், அவர்க்கு வழிகாட்டும் பெரியோர்க்கும் நாம் கூற விழைவது ஒன்றே. பத்திரத்தைப் பகலில் படியுங்கள். மனையை இரவில் சென்று பாருங்கள். நள்ளிரவில் அங்கே ஒரு நாழிகை நின்று, அவ்விடத்தில் உங்கள் தாயார் உறங்குவாரா என்று எண்ணிப் பாருங்கள். ஆம் என்று நெஞ்சம் கூறுமாயின் அங்கே அடிக்கல் நாட்டுங்கள்.