குவாங்ஜு: தணிக்கையைத் தாண்டிய நினைவு

தென்கொரியாவில் 2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு, அப்போதைய அதிபர் யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். பொதுமக்கள் நாடாளுமன்றத்தின் முன்பாகத் திரண்டனர். படையினர் சுடவில்லை. சில மணி நேரத்திற்குள் 190 உறுப்பினர்கள் வாக்களித்து அந்த அறிவிப்பை நிராகரித்தனர். அன்றிரவு பலருக்கும் நினைவில் எழுந்த பெயர் குவாங்ஜு.

1980 மே 18ஆம் தேதி, ஜெனரல் சுன் டூ ஹ்வானின் இராணுவ அதிகாரத்தை எதிர்த்த மாணவர்களை அந்நகரில் பாராசூட் படையினர் கொடூரமாகத் தாக்கினர். நகர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மே 27இல் இராணுவம் நகரை மீண்டும் கைப்பற்றியது. கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 200 பேர் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. தணிக்கைக்கு உட்பட்ட ஊடகங்களோ இதனைக் கலகக்காரர்களின் வன்முறை என்றே சித்தரித்தன.

குவாங்ஜுவில் பிறந்த ஹான் காங், 2014இல் வெளியிட்ட நாவலில் இந்த நிகழ்வுகளை எழுதினார். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ஹியூமன் ஆக்ட்ஸ்'. சடலங்களைப் பராமரிக்கும் சிறுவன் ஒருவனுக்கு அதில் ஒரு சந்தேகம் எழுகிறது: அரசின் படைகளே கொன்றவர்கள் மீது தேசியக் கொடியைப் போர்த்துவது ஏன்? மற்றோர் அத்தியாயத்தில், தணிக்கையாளர்கள் மை பூசி அழித்த நாடகத்தை நடிகர்கள் உதடுகளை மட்டும் அசைத்து நடிக்கின்றனர்.

புனைகதையின் பணியை இந்தக் காட்சி விளக்குகிறது. சுன்னுக்கு 1996இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1997இல் அவருக்குப் பொதுமன்னிப்பும் கிடைத்தது. மன்னிப்புக் கோராமலேயே அவர் 2021இல் காலமானார். நீதிமன்றத் தீர்ப்பை ஓர் அரசாணை தளர்த்திவிட முடியும். வாசகர் மனதில் பதிந்த சிறுவனை அவ்வாறு அகற்ற முடியாது. பார்க் குன் ஹை ஆட்சிக்காலத்தில் தயாரிக்கப்பட்ட கலைஞர்களின் கறுப்புப் பட்டியலில் ஹான் காங்கின் பெயரும் இடம்பெற்றதாகப் பின்னர் தெரியவந்தது. தேர்தலில் வென்ற அரசுகளும் நினைவைக் கண்டு அஞ்சுவதையே இது உணர்த்துகிறது.

ஒரு நாவல் மட்டுமே 2024இல் துப்பாக்கிகளைத் தடுத்துவிட்டது என்று கூறுவது மிகையாகும். 1987ஆம் ஆண்டின் ஜனநாயகப் போராட்டமும், உறவுகளை இழந்த குடும்பங்களின் நீண்ட முயற்சியும் அதற்கு அடித்தளமிட்டன. எனினும், அதே டிசம்பரில் இலக்கியத்திற்கான நோபல் பரிசை ஏற்ற ஹான் காங், இறந்தவர்களால் உயிருடன் இருப்பவர்களைக் காப்பாற்ற முடியுமா என்று தமது உரையில் கேட்டார். சில நாட்களில், யூன் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தின்போது எதிர்க்கட்சித் தரப்பு அதே கேள்வியை எழுப்பி, முடியும் என்று பதிலளித்தது. 2025 ஏப்ரலில் யூன் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்.