மழை மேல் பழி போடாதீங்க!

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் என்ன வரும்? "மழையில் கட்டுப்பாட்டை இழந்த லாரி" என்று வரும். ஆனால் தருமபுரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். டீசல் மிச்சம் பிடிக்க டிரைவர் நியூட்ரலில் இறக்கியிருப்பான், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போயிருக்கும் என்று டீ ஆற்றுகிறவரே சொல்லிவிடுவார். அதோடு நிற்கவும் மாட்டார். டீசல் கணக்குக் கேட்டு உயிரை வாங்கும் முதலாளியையும் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் கிளாஸைக் கழுவுவார்.

இந்த டீக்கடை அறிவு, விஷயம் ஆகாயத்துக்குப் போனதும் எங்கேயோ காணாமல் போய்விடுகிறது. சின்ன விமானமோ ஹெலிகாப்டரோ விழுந்தால் "மோசமான வானிலையே காரணம்" என்று ஒரே வரி. எல்லோரும் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

கொஞ்சம் வரிசையாகப் பார்க்கலாம்.

2001 செப்டம்பர் 30. கான்பூர் பொதுக்கூட்டத்துக்குக் கிளம்பிய மாதவராவ் சிந்தியாவின் 'கிங் ஏர் சி-90' விமானம் உத்தரப் பிரதேசத்தின் மெயின்புரி அருகே மோசமான வானிலையில் விழுந்தது. பத்திரிகைக்காரர்கள் உட்பட எட்டுப் பேர் பலி.

2009 செப்டம்பர் 2. ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி ஐதராபாத்திலிருந்து சித்தூர் மாவட்டத்துக்கு 'பெல் 430' ஹெலிகாப்டரில் கிளம்பினார். நல்லமலைக் காட்டில் ஐந்து பேர் பலி. கியர்பாக்ஸ் ஆயில் அழுத்தம் சரியில்லை என்று காட்டியதால் விமானிகள் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில் கடும் மழை மேகத்துக்குள் போய், கீழ்நோக்கி அடித்த காற்றில் சிக்கியது என்றது விசாரணைக் குழு.

தலைவர்கள் மட்டுமல்ல. 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத்தில் மூடுபனியில் மலையில் மோதிய ஹெலிகாப்டரில் இறந்த ஏழு பேரில் தமிழ்நாட்டுப் பக்தர்களும் உண்டு. அதே கேதார்நாத் பாதையில் 2025 ஜூன் 15 விடியற்காலை, பார்வைக்கு எதுவும் தெரியாத நேரத்தில், மறுபடியும் ஒரு ஹெலிகாப்டர். மறுபடியும் ஏழு பேர்.

சரி, மேகத்துக்குள் போனால் அப்படி என்னதான் ஆகிறது? பெரிய ஜெட் விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேலே, பெரும்பாலான மேகங்களைத் தாண்டிப் பறக்கும். சின்ன விமானம் மேகமும் மலையும் இருக்கிற அதே உயரத்தில்தான் பறந்தாக வேண்டும். மேகத்துக்குள் அடிவானம் தெரியாது. மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தாலும் நேராகப் போவதாகவே தோன்றும். காதுக்குள் சமநிலை காட்டும் திரவம் அப்படி ஏமாற்றும். அதை நம்பித் திருத்தப் போனால் நிலைமை இன்னும் மோசம். 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் ஓட்டவிட்டுச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில். மூன்று நிமிஷம்கூட இல்லை!

"பயிற்சி இருந்தால் தப்பலாமே?" என்று கேட்கலாம். 2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டை ஏற்றிச் சென்ற விமானிக்குக் கருவிப் பறப்பு லைசென்ஸே இருந்தது. கண்ணால் பார்த்து ஓட்டும் விதிப்படி கிளம்பியவர் மேகத்துக்குள் போனார், திசை தடுமாறினார், ஒன்பது பேர் இறந்தார்கள். போயே ஆக வேண்டும் என்று யாரும் அவரை நெருக்கியதற்கு ஆதாரமில்லை, பெரிய மனிதரை ஏமாற்றக் கூடாது என்று அவரே தனக்குப் போட்டுக்கொண்ட நெருக்கடியாக இருக்கலாம் என்றது அமெரிக்க விசாரணை.

இதுதான் கவனிக்க வேண்டிய இடம். மேகம் யாரையும் தேடி வந்து அடிப்பதில்லை. "கிட்டத்தட்ட வந்தாச்சு", "கூட்டம் காத்திருக்கு", "டிக்கெட் காசு வாங்கியாச்சு" என்று யாரோ எடுத்த முடிவு அந்த இயந்திரத்தை மேகத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது.

வானிலை திடீரென்று மாறினால் யார் என்ன செய்ய முடியும் என்று ஒரு சமாதானம் உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் சென்ற எம்.ஐ-17 விழுந்தது. அது சின்ன இயந்திரம்கூட இல்லை, விமானப் படையின் பெரிய ஹெலிகாப்டர். வானிலையில் ஏற்பட்ட எதிர்பாராத மாற்றத்தால் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசை தடுமாறினார் என்றது 2022 ஜனவரியில் வெளியான விசாரணை முடிவு. 2024 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு அறிக்கையில் அதே விபத்துக்கு எதிரே இருந்த காரணம்: மனிதத் தவறு. முதலில் மேகம், பிறகு விமானி. இருவருமே பதில் சொல்ல வர முடியாதவர்கள்! மலைப்பள்ளத்தாக்கில் மேகம் இறங்குவது நீலகிரியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எந்த நிமிஷத்தில் இறங்கும் என்பதுதான் தெரியாது. தெரியாது என்பதே கிளம்பாமல் இருக்கப் போதுமான காரணம் இல்லையா?

தருமபுரி ஜில்லாவுக்குச் சின்ன விமானம் அந்நியமல்ல. 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும்வரை இந்த மாவட்டத்தில் இருந்த ஓசூர் பக்கம், பேளகொண்டப்பள்ளியில், 1990களிலேயே ஓடுதளம் அமைத்து 'பார்ட்டனேவியா' என்ற இத்தாலிய வகைச் சின்ன விமானத்தைக் கட்டினார்கள். விமானம் கட்டும்போது ஒவ்வொரு வேலைக்கும் சோதனை உண்டு, கையெழுத்து உண்டு. கட்டிய விமானத்தை மழையில் கிளப்பலாமா என்ற முடிவுக்கு மட்டும் ஒரு போன் கால் போதுமா?

கேட்க வேண்டியது மூன்றே விஷயம். "இன்று முடியாது" என்று சொன்ன விமானிக்கு வேலை போகக் கூடாது, சம்பளம் குறையக் கூடாது. தலைவர் வருகிறார் என்றால் ஹெலிபேடோடு கார் ஏற்பாடும் முதலிலேயே தயாராக இருக்க வேண்டும். விபத்து நடந்தால் மேகத்தையும் விமானியையும் விசாரிப்பதோடு, கிளம்பச் சொன்னது யார் என்றும் அறிக்கையில் வர வேண்டும்.

ஐப்பசி மழைக்காலத்தில் வத்தல்மலை உச்சியைப் பாருங்கள். பாதி மலை மேகத்துக்குள் இருக்கும். அந்தப் பாதைக்குப் பழகிய டிரைவர்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மேகம் விலகட்டும் என்று காத்திருப்பார். அவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை. ஆகாயத்தில் இருக்கிறவருக்கும் அந்த உரிமையைக் கொடுங்கள். கூட்டம் ரெண்டு மணி நேரம் காத்திருக்கும். சாமி எங்கேயும் போய்விடாது.