வளையத்தை யார் கழற்றுவது?

மழைக்காலம் பிறந்துவிட்டால் மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரு சண்டை தவறாமல் வந்துவிடுகிறது. வாடகைச் சண்டை அல்ல, தண்ணீர்ச் சண்டையும் அல்ல. சாப்பாட்டு டப்பாச் சண்டை. பட்டறையிலோ ஆபீசிலோ மத்தியானம் டப்பாவைத் திறந்தவர் மூக்கைச் சுளிக்கிறார். மூடியின் உள்பக்கம், ரப்பர் வளையத்தை ஒட்டி, கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். இரவு வீடு திரும்பியதும் டப்பாவை மோரியில் டங்கென்று வைத்துவிட்டு, "ஒரு டப்பாவை ஒழுங்காகக் கழுவத் தெரியாதா?" என்று மனைவியைக் கேட்கிறார்.

அந்த அம்மாள் காலை நாலரை மணிக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குள் குடம் நிரப்பி, உலை வைத்து, டப்பாவையும் தேய்த்து வைத்தவர். டப்பா வெளியே பளபளவென்றுதான் இருக்கிறது. கறுப்பு இருப்பது வளையத்துக்கு அடியில், மூடியின் பள்ளத்துக்குள். அது தேய்ப்பவர் கைக்கு எட்டாத இடம். வளையத்தைக் கழற்ற வேண்டும் என்று டப்பா விற்ற கடைக்காரரும் சொல்லவில்லை, டப்பாவோடு வந்த காகிதத்திலும் தமிழில் எழுதியிருக்கவில்லை.

ஊறுகாய்ப் பரணியில் பூசணம் பூத்தால் வீடே கூடிப் பேசும். யார் ஈரக் கரண்டியைப் போட்டது என்று விசாரணை நடக்கும். டப்பா வளையத்தில் பூப்பதும் அதே பூசணம்தான். அதற்கு வேண்டியது மூன்று: ஈரம், கொஞ்சம் ஆகாரம், தொந்தரவில்லாத இடம். மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது மூடிப் பள்ளத்தில்தான்.

மும்பை மழையைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு கணக்கு மனத்தில் இருப்பது நல்லது. ஜூலை மாதம் ஒன்றில் மட்டும் சாந்தாகுரூஸ் பகுதியில் சராசரியாக 800 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நெல்லைச் சீமையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ இவ்வளவுதான். ஊரில் பாத்திரத்தைக் கழுவி முற்றத்தில் கவிழ்த்தால் அரை மணியில் காய்ந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தவர்கள் ஜூலையிலும் அப்படியே கவிழ்த்து வைக்கிறார்கள். ஆனால் இங்கே முற்றமும் இல்லை, வெயிலும் இல்லை.

24 மணி நேரக் கணக்கு

ஒரு டப்பாவின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். காலை ஐந்தரைக்கு ஆவி பறக்கும் சோற்றை வைத்து உடனே மூடியை அழுத்துகிறார்கள். ஆவி வெளியே போக வழியில்லாமல் மூடியில் நீராகக் கோத்து வளையத்துக்குள் இறங்குகிறது. ஆறேகால் லோக்கலில் பையோடு தொங்கி, பட்டறை ஆணியிலோ மேஜை அடியிலோ மத்தியானம் ஒரு மணி வரை இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் மறுபடி மூடி. குழம்பும் பருக்கையும் ஒட்டியபடி இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வீடு சேர்கிறது. டோம்பிவிலி, அம்பர்நாத் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னும் தாமதம். அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் இருக்காது. மோரியில் ஊறிக் கிடந்து, விடியற்காலையில் அவசரமாகத் தேய்க்கப்பட்டு, ஈரத்தோடு மறுபடி ஐந்தரைக்குச் சோறு.

ஆக, 24 மணி நேரத்தில் அந்த வளையம் உலர்ந்திருந்த நேரம் ஒரு மணி கூட இல்லை. பூசணம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதில் மனைவியின் கைவேலை எத்தனை நிமிடம், கணவரின் கையில் டப்பா இருந்தது எத்தனை மணி என்று பார்த்தால், கேள்வி கேட்க வேண்டியவர் யார் என்பது தெரிந்துவிடும்.

தனி ஆட்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து தங்கும் கோலிகளில் நிலைமை இதைவிட மோசம். அங்கே சண்டை போடக்கூட ஆள் கிடையாது. டப்பா அவரவருடையது, வளையம் யாருடையதும் அல்ல. மணம் தாங்காத நாளில் டப்பாவையே தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குகிறார்கள். கூலியில் அதுவும் ஒரு துண்டு.

இதனால் உயிருக்கு ஆபத்தா என்று பலர் கேட்கிறார்கள். பயமுறுத்துவது சரியல்ல. பூசணம் என்றதும் சிலருக்கு 1974ஆம் ஆண்டு ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் நடந்தது நினைவுக்கு வரலாம். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று ஈரல் கெட்டு 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அது தானியத்திலேயே வளர்ந்த பூசணம் கக்கிய அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை, நாள்கணக்கில் வயிறாரச் சாப்பிட்டதால் வந்த வினை. டப்பா வளையத்தில் நாலு புள்ளி இருப்பது அதற்குச் சமம் ஆகாது. ஆனால் ஆஸ்துமா, இழுப்பு உள்ளவர்களுக்கும், சர்க்கரை முற்றி உடம்பு தளர்ந்தவர்களுக்கும், குழந்தைகளுக்கும் பூசணம் ஆகாது. பூசணம் வாழும் இடத்தில் பழைய குழம்பும் ஈரமும் இருக்கிறதென்றால், கண்ணுக்குத் தெரியாத வேறு கிருமிகளும் அங்கே குடியிருக்கும் என்றுதான் பொருள்.

எல்லாப் பழியையும் வளையத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. காலை ஐந்தரைக்குச் சூடாக அடைத்த சோறு மத்தியானம் வரை வெதுவெதுப்பாகவே இருந்தால், வளையம் புத்தம் புதிதாக இருந்தாலும் வயிற்றைக் கலக்கலாம். சோற்றில் வளரும் கிருமியின் வித்து கொதியிலும் சாவதில்லை, வெதுவெதுப்பில் பெருகும். சோற்றைத் தட்டில் பரப்பி ஆவி போக ஆறவிட்டு அடைத்தால் அதற்கும் நல்லது, வளையத்துக்கும் நல்லது. நாள் கூலிக்காரருக்கு ஒரு வயிற்றுப்போக்கு என்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. சம்பளத்தோடு லீவு உள்ள குமாஸ்தாவுக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

கழற்றினால்தான் தெரியும்

சுத்தம் செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. முதல் வேலை வளையத்தைக் கழற்றுவது. கத்தி முனையாலோ ஊசியாலோ நெம்பக் கூடாது. கீறல் விழுந்தால் அந்தக் கீறலே பூசணத்துக்கு அடுத்த வீடு. தேக்கரண்டியின் காம்பு போதும். ஓர் இடத்தில் எழுப்பிவிட்டால் மீதி விரலால் வந்துவிடும்.

கழற்றிய வளையத்தையும் மூடியையும் பாத்திரச் சோப்புக் கலந்த சுடுதண்ணீரில் கால் மணி ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வளையத்தைத் தேய்த்துவிட்டு மூடிப் பள்ளத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பாதிப் பூசணம் பள்ளத்தில்தான் இருக்கிறது. போகாத இடத்தில் ஆப்பசோடாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, அரை மணி கழித்து மறுபடி தேய்க்கலாம். மணத்தையும் அது எடுக்கும். வெள்ளை நிறத்தில், தொட்டால் வழவழப்பாக இருக்கும் சிலிக்கான் வளையமானால் ஐந்து நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தாலும் கெடாது. சாதாரண ரப்பரை அப்படி அடிக்கடி கொதிக்கவிட்டால் விறைத்து வெடித்துவிடும்.

அதற்கும் அசையாத கறுப்புக்குத்தான் பிளீச்சிங் திரவம். வாசனை சேர்க்காததாக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி. பழைய பிளாஸ்டிக் மக்கில் கலந்து வளையத்தை மட்டும் பத்து நிமிடம் போட்டுவைத்து, நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். எவர்சில்வர் டப்பாவை அதில் ஊறப்போடக் கூடாது. எவர்சில்வரையும் அது அரித்துப் புள்ளி போடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று பிளீச்சிங்கோடு எலுமிச்சைச் சாறோ வினிகரோ கழிவறை கழுவும் ஆசிடோ சேர்த்துவிடக் கூடாது. சேர்த்தால் கிளம்புவது குளோரின் வாயு. பத்துக்குப் பத்து அறையில், ஒரே ஜன்னலும் மழைக்காகச் சாத்தியிருக்கும்போது அது நெஞ்சை அடைத்துவிடும். டப்பாப் பூசணத்தால் வராத ஆபத்து அதைச் சுத்தம் செய்வதால் வந்து சேரும்.

இவ்வளவுக்குப் பிறகும் லேசான கறை தெரிந்தால் பதற வேண்டாம். பூசணம் செத்த பிறகும் அதன் சாயம் வளையத்தில் ஊறி நிற்பதுண்டு. தொட்டால் வழுக்காமல், மோந்தால் மணக்காமல் இருந்தால் உபயோகிக்கலாம். பிசுபிசுத்தாலோ, வெடித்திருந்தாலோ, இரண்டு நாளில் மறுபடி கறுத்தாலோ அந்த வளையத்துக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

உலர்த்துவது எப்படி? வெயிலில் வை என்று சொல்வது எளிது. ஜூலை மாதத்துத் தாராவியில் வெயிலுக்கு எங்கே போவது? ஆனால் எந்தக் கோலியிலும் இரவு முழுக்க மின்விசிறி ஓடத்தான் செய்கிறது. வளையத்தைத் துணியால் ஒற்றி, விசிறிக் காற்று படும் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். மூடியைத் தனியே சாய்த்து வைக்க வேண்டும், டப்பாவோடு பூட்டி வைக்கக் கூடாது.

இதற்கு டப்பா இரவே கழுவப்பட்டிருக்க வேண்டும். அதைவிட, சாப்பிட்ட இடத்திலேயே கழுவப்பட வேண்டும். எந்த ஆபீசிலும் ஒரு குழாய் இருக்கிறது. கை கழுவுகிற நேரத்தில் மூடியைக் காட்டி, வளையத்தைக் கழற்றி அலசி, ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டால் இரண்டு நிமிடம். பீடிக்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவு. டப்பாவில் சாப்பிடுகிறவர் செய்ய வேண்டிய வேலை இது. ஆபீசில் ஆண் பிள்ளை டப்பா கழுவுவதா என்று கூச்சப்படும் குமாஸ்தாக்கள், பக்கத்து மேஜை மராட்டிய நண்பர் என்ன செய்கிறார் என்று பார்க்கட்டும். பலர் கழுவிவிட்டுத்தான் மூடுகிறார்கள்.

காஸ்கெட் உண்டு, வளையம் இல்லை

குக்கர் காஸ்கெட் தளர்ந்தால் யாரும் குக்கரை எறிவதில்லை. எந்தப் பாத்திரக் கடையிலும் அளவு சொல்லிக் காஸ்கெட் வாங்கலாம். குக்கருக்கு 2021ஆம் ஆண்டு முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகவும் ஆகிவிட்டது. ஆனால் தினமும் வாய்க்குப் போகும் சோற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் டப்பா வளையத்தைத் தனியாகக் கேட்டால், "டப்பாவோடுதான் வரும், அண்ணாச்சி" என்கிறார் கடைக்காரர். இருபது ரூபாய் ரப்பருக்காக முந்நூறு ரூபாய் டப்பாவை எறிய யாருக்கு மனம் வரும்? அதனால்தான் கறுத்த வளையமே வருஷக்கணக்கில் ஓடுகிறது.

தாராவி 90 அடிச் சாலையிலும் மாட்டுங்கா, செம்பூர் கடைவீதிகளிலும் நம் ஊர்க்காரர்கள் வியாபாரம் செய்கிறார்கள். டப்பா எடுக்கும் மொத்த வியாபாரியிடம் அளவுக்கு நூறு வளையமும் சேர்த்துக் கேட்டால் வராமல் போகாது. கேட்பவர் இல்லாததால்தான் வருவதில்லை. வாங்குகிறவர்களும் கடையிலேயே மூடியைத் திறந்து, வளையம் கழறுகிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். ஒட்டவைத்த வளையமானால் வேண்டாம் என்று வைத்துவிட வேண்டும். மாற்று வளையம் ஒன்று கையில் இருந்தால் ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்று என்று மாட்டலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் காய நேரம் கிடைக்கும். மழைக்காலத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

வளையமே வேண்டாம் என்பாரும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய அடுக்கு டிபன் கேரியரில் ரப்பர் ஏது? தகரத்தோடு தகரம் பொருந்தி, பக்கத்துக் கொக்கி இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் ஆறேகால் லோக்கலில் பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் நசுங்கும்போது கேரியர் நிமிர்ந்து நிற்காது. ரசம் இறங்கி லெட்ஜரில் படம் வரைந்துவிடும். அதற்குப் பயந்துதான் வளையம் வைத்த டப்பா வீட்டுக்குள் வந்தது. நடுவழி ஒன்று உண்டு. புளியோதரை, சப்பாத்தி, பொரியல் போன்றவற்றை வளையமில்லாத டப்பாவில் எடுத்துக்கொண்டு, குழம்புக்கு மட்டும் சிறிய வளைய டப்பா ஒன்று வைத்தால், கழற்றிக் கழுவ வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்.

பெரியவர்கள் மத்தியானம் மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்படிப் பார்ப்பதில்லை. அவர்களுடைய தண்ணீர் பாட்டில் மூடிக்குள்ளும் இதே மாதிரி ஒரு சின்ன வளையம் இருக்கிறது. உறிஞ்சு குழாய் வைத்த பாட்டிலானால் குழாயின் அடியிலும் ஒன்று. இங்கே பள்ளி திறப்பது ஜூன் நடுவில், மழையோடு மழையாக. பிள்ளை பையை இறக்கிய உடனே அந்த மூடியைக் கழற்றி, தேக்கரண்டிக் காம்பால் வளையத்தை எழுப்பிப் பார்ப்பதற்கு இன்றைய இரவே போதும்.