மடியில் கனம்

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டில் பொட்லக். டாலஸ் பக்கம் இருக்கும் நம்மாட்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படிப் போகும்னு தெரியும்தானே. முதலில் வீட்டு விலை, அடுத்து கிரீன் கார்டு, அப்புறம் புல்வெளிக்குத் தண்ணி விடற டைமர். இந்த முறை கேசரி வருவதற்கு முன்னாடியே துப்பாக்கி வந்துவிட்டது. பயப்படாதீங்க, பேச்சில்தான். என்னைவிட வயதில் சின்னவர் ஒருத்தர், இரண்டு பெண் குழந்தைகள், பிஸ்டல் வாங்கப் போகிறாராம். வீட்டில் பூட்டி வைக்க இல்லை. வெளியே போகும்போது இடுப்பில் வைத்துக்கொள்ள.

"அண்ணே, நீங்கதான் முன்னாடியே வச்சிருந்தீங்களே. எது வாங்கலாம், சொல்லுங்க."

"நான் வித்துட்டேன் தம்பி."

"ஏண்ணே?"

அங்கே எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. பக்கத்திலிருந்தவர் "அண்ணன் காந்தியவாதி ஆயிட்டாரு"ன்னு சொல்ல, எல்லாரும் சிரிக்க, கேசரி வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நமக்கு எப்பவுமே அப்படித்தான். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். திட்டறவங்க படிச்சு முடிச்சுட்டுத் திட்டுங்க :-)

நான் காந்தியவாதி எல்லாம் இல்லை சாமி. எங்க பெரியப்பா கம்பம் பக்கம் தோட்டத்தில் இரட்டைக்குழல் வைத்திருந்தவர். காட்டுப்பன்றிக்காக, லைசென்ஸோடு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். தேர்தல் முடிந்து அதைத் திரும்ப வாங்கப் போகும்போது நானும் கூடவே பஸ்ஸில் போயிருக்கிறேன். பழைய வேட்டியில் சுற்றி மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வருவார். ஆக, துப்பாக்கியைப் பார்த்தாலே மயக்கம் போடுகிற ஆள் இல்லை நான்.

தம்பியின் பயம் பொய் என்றும் சொல்ல மாட்டேன். 2017 பிப்ரவரி 22, கன்சாஸ் மாநிலம் ஓலாத்தே. வேலை முடிந்து பாரில் உட்கார்ந்திருந்த இரண்டு இந்தியப் பொறியாளர்களிடம் ஒருவன் வம்பிழுக்கிறான். அவனை வெளியே போகச் சொல்கிறார்கள். துப்பாக்கியோடு திரும்பி வந்து, என் நாட்டை விட்டுப் போ என்று கத்தியபடி சுடுகிறான். ஹைதராபாத்காரர் ஒருவர் இறந்துபோனார். 32 வயது. அந்த வாரம் இங்கே எந்த இந்தியன் வீட்டிலும் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டார்கள். "ஏங்க, கடையில நின்னு தமிழ்ல போன் பேசாதீங்க" என்று என் மனைவி சொன்னது அப்போதுதான்.

அந்தப் பயத்தில்தான் 2018ல் நானும் போய் லைசென்ஸ் எடுத்தேன். கிரீன் கார்டு வந்திருந்தது. கட்டணம் 40 டாலர். நாலு முதல் ஆறு மணி நேரம் வகுப்பு, அப்புறம் சுடும் தேர்வு. 3 கஜம், 7 கஜம், 15 கஜம் தூரத்தில் மொத்தம் 50 ரவுண்டு. 250க்கு 175 எடுத்தால் பாஸ். நான் 231 எடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அந்தக் காகித மனிதன் நகர மாட்டான், கத்த மாட்டான், அவனுக்குப் பின்னால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிற அம்மா யாரும் இல்லை என்பதெல்லாம் அன்றைக்குத் தோன்றவில்லை.

பதினோரு மாதம் வைத்திருந்தேன். ஒரு கிளாக், குண்டோடு சேர்த்து முக்கால் கிலோவுக்கு மேல். டெக்ஸாஸ் வெயிலில் சட்டையை வெளியே விட்டு, குனிந்தால் தெரிகிறதா, கை தூக்கினால் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியன் கடையில் சோனா மசூரி மூட்டையைத் தூக்கும்போது ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. போஸ்ட் ஆபீஸுக்குக் கூடாது. ஆபீஸில் கூடாது. கோயில் வாசலில் 30.06 பலகை, ஒரு அங்குல எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். சட்டப்பிரிவு எண்தான் அந்தப் பலகைக்கே பேர். இதெல்லாம் போக மிச்சம் எங்கேதான் போகிறோம்? பாதி நாள் அது காரில்தான் கிடந்தது. காரை உடைத்துத் திருடுகிறவனுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா? என் பாதுகாப்புக்கு வாங்கியதை நானே பார்க்கிங்கில் நின்று பாதுகாக்க வேண்டியிருந்தது.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று நம்ம ஊரில் சும்மாவா சொன்னான். இடுப்பில் அது ஏறின நாளிலிருந்து எல்லாருடைய கைகளையும் பார்க்க ஆரம்பித்தேன். முகத்தைப் பார்ப்பது போய்விட்டது. உணவகத்தில் கதவைப் பார்த்துத்தான் உட்காருவேன். மகள் கேட்டாள், "அப்பா, ஏன் எப்பவும் அந்தப் பக்கமே பாக்கறீங்க?"

ஒரு நாள் இரவு ஒன்பதரை இருக்கும். கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட்டுவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து ரசீதை மடித்துக்கொண்டிருக்கிறேன். மகள் பின் சீட்டில் தூங்குகிறாள். கண்ணாடியில் டக் டக் என்று யாரோ தட்டினார்கள். என் இடது கை சட்டையைத் தூக்கிவிட்டது, வலது கை பிடியில் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது தானாக நடந்தது. வெளியே ஒரு கருப்பினப் பெரியவர். எழுபது வயது இருக்கும். வண்டியின் பின்பக்கத்தைக் காட்டி ஏதோ சொன்னார். பெட்ரோல் மூடியைப் போடாமல் விட்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். நான் ஜன்னலை இறக்குவதற்குள் அவரே மூடிவிட்டு, கையாட்டிவிட்டுப் போய்விட்டார். என் கை எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தட்டியிருந்தால் என் கை அங்கே போயிருக்குமா? போயிருக்காது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நடந்து ஒரு வாரத்தில் என்ஆர்ஏவின் செயல் துணைத் தலைவர் வெய்ன் லாபியர் ஒன்று சொன்னார். துப்பாக்கி வைத்திருக்கும் கெட்டவனைத் தடுக்க ஒரே வழி, துப்பாக்கி வைத்திருக்கும் நல்லவன்தானாம். கேட்க நன்றாக இருக்கிறது. நம்ம சினிமாவில் ஹீரோ யாரென்று டைட்டில் போடும்போதே தெரிந்துவிடும். டெக்ஸாஸ் ரோட்டில் எனக்கு யார் டைட்டில் போடுவது? நல்லவன் என்று நெத்தியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? இரண்டு வினாடியில் என்னைப் பார்க்கிற போலீஸ்காரரோ, என்னை மாதிரியே இடுப்பில் ஒன்று வைத்திருக்கும் இன்னொரு "நல்லவரோ" முடிவு பண்ணுவதுதான் நான் யார் என்பது. மாநிறம், தாடி, வாயைத் திறந்தால் மதுரை வாடை அடிக்கிற இங்கிலீஷ். கேஸ் ஸ்டேஷனில் நான் அந்தப் பெரியவரை எடை போட்டதுபோலத்தானே அவர்களும் என்னைப் போடுவார்கள்?

2016 ஜூலை 6. மினசோட்டாவில் ஃபிலாண்டோ கஸ்டீல் என்பவரின் காரைப் போலீஸ் நிறுத்துகிறது. பள்ளிக்கூட உணவகத்தில் வேலை செய்தவர். முறையாக லைசென்ஸ் வாங்கியவர். எங்கள் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ அதையே செய்தார். என்னிடம் துப்பாக்கி இருக்கிறது ஐயா என்று மரியாதையாகச் சொன்னார். அந்த அதிகாரி ஏழு தடவை சுட்டார். காதலி பக்கத்தில், அவளுடைய நாலு வயதுக் குழந்தை பின் சீட்டில். அடுத்த வருடம் ஜூனில் அந்த அதிகாரி குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு. லைசென்ஸ் பர்ஸில்தான் இருந்தது. பர்ஸ் என்ன பண்ணும்?

அடுத்த நாள், ஜூலை 7, எங்க டாலஸ். ஊர்வலத்தில் இருந்த ஐந்து போலீஸ்காரர்களை ஒருவன் மறைந்திருந்து சுட்டுக் கொன்றான். அதே ஊர்வலத்தில் சட்டப்படியே தோளில் ரைஃபிள் மாட்டி வந்த கருப்பின இளைஞர் ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸே ட்விட்டரில் போட்டுவிட்டது. அவர் அதற்குள் ரைஃபிளைப் போலீசிடம் ஒப்படைத்திருந்தார். ஆள் உயிரோடு இருப்பதே அதிர்ஷ்டம். 2018 நவம்பர் 22, அலபாமாவின் ஹூவரில் ஒரு மாலில் துப்பாக்கிச் சூடு. அங்கே கையில் துப்பாக்கியோடு இருந்த 21 வயது இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவரிடமும் லைசென்ஸ் இருந்தது. முதலில் அவர்தான் சுட்டிருப்பார் என்று அறிவித்துவிட்டு, அப்புறம் இல்லை என்றார்கள்.

"இதெல்லாம் நிறப் பிரச்சினை அண்ணே, துப்பாக்கிப் பிரச்சினை இல்லை" என்று தம்பி சொல்லக்கூடும். சரி, ஜானி ஹர்லி வெள்ளைக்காரர்தான். 2021 ஜூன் 21, கொலராடோவின் அர்வாடா. ஒருவன் ஒரு போலீஸ் அதிகாரியைச் சுட்டுக் கொல்கிறான். கடையில் இருந்த ஹர்லி ஓடிவந்து தன் கைத்துப்பாக்கியால் அவனை வீழ்த்துகிறார். லாபியர் சொன்ன நல்லவன் இவரேதான், அச்சு அசல். கொலைகாரனின் ரைஃபிளை அவர் கையில் எடுத்த நேரம் பார்த்து இன்னொரு போலீஸ்காரர் வந்து அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். வழக்குப் போடவில்லை. கையில் ரைஃபிளோடு ஒரு ஆள் நிற்கிறான், வேறென்ன நினைப்பார்? எனக்கு அந்தப் போலீஸ்காரர் மேல்கூடக் கோபம் வரவில்லை. அதுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது.

எதிர்க்கட்சிக்காரர்களிடம் சரக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1991 அக்டோபர் 16, இதே டெக்ஸாஸின் கில்லீனில் லூபிஸ் உணவகம். ஒருவன் 23 பேரைக் கொன்றான். சுசானா ஹப் என்ற பெண் தன் அப்பா அம்மா இரண்டு பேரையும் அங்கே பறிகொடுத்தார். அவருடைய ரிவால்வர் அன்றைக்குக் காரில் இருந்தது. மறைத்து எடுத்துவர அப்போது சட்டம் இடம் தரவில்லை. அந்தப் பெண் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1995ல் டெக்ஸாஸ் சட்டத்தை மாற்றியது, 1996ல் அவரே சட்டசபைக்கும் ஜெயித்தார். அவர் முகத்துக்கு நேரே நின்று "உங்க கிட்ட துப்பாக்கி இருந்தும் பிரயோஜனம் இல்லை" என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் மாலில் 22 வயது இளைஞர் ஒருவர் கொலைகாரனைச் சில வினாடிகளில் சுட்டு வீழ்த்தியதும் உண்மை. அதற்குள் மூன்று பேர் போய்விட்டார்கள், இல்லையென்றால் எத்தனையோ. அவர் குறி பார்த்துச் சுட்ட தூரத்தில் என் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உவால்டேயைக் காட்டி இன்னொரு வாதம் வரும். போலீஸை நம்ப முடியாது, நம்மை நாமேதான் பார்த்துக்கணும். 2022 மே 24 அன்று அந்தப் பள்ளிக்கூடத்துக்கு 376 பேர் வந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், கவசம், நீளமான துப்பாக்கிகள். 77 நிமிடம் கழித்துத்தான் அவனைக் கொன்றார்கள். 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் இறந்தார்கள். வயிறு எரிகிறது. ஆனால் இதிலிருந்து தம்பி எடுக்கிற பாடம்தான் எனக்குப் புரியவில்லை. அவ்வளவு பேர் அவ்வளவு துப்பாக்கியோடு வாசலில் நின்றுவிட்டார்கள். காகிதத்தில் 231 எடுத்த நான் மட்டும் உள்ளே பாய்ந்துவிடுவேனாக்கும்?

இப்போது அந்தத் தேர்வுகூட வேண்டாம். 2021 செப்டம்பர் 1லிருந்து டெக்ஸாஸில் 21 வயதாகி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். 2024ல் இப்படிப்பட்ட மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. இதே டெக்ஸாஸில் முடி வெட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். கத்தரிக்கோல் அவ்வளவு ஆபத்தானது போலிருக்கிறது.

தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று சொன்னேன் இல்லையா. 2014 டிசம்பர் 30, ஐடஹோவில் ஒரு வால்மார்ட். லைசென்ஸ் வைத்திருந்த 29 வயது அம்மா, விஞ்ஞானி. துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை இருக்கிற கைப்பை, கிறிஸ்துமஸ் பரிசாக வந்தது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் அதைத் திறந்துவிட்டான். இதற்கு மேல் எழுத முடியவில்லை. 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். லே ஆஃப் கடிதம் வந்த ராத்திரி வீட்டில் அது இருக்கலாமா என்றும் தம்பி யோசிக்க வேண்டும். நம்மாட்களுக்கு அந்தக் கடிதம் என்னவெல்லாம் செய்யும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கேஸ் ஸ்டேஷன் சம்பவம் நடந்த சனிக்கிழமையே வாங்கின கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பாதி விலைதான் தந்தார்கள். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார் கடைக்காரர். மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அவர் சிரித்தார். மனைவிக்கு அந்தப் பெரியவர் கதை இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

தம்பி நேற்று போன் பண்ணினார். பக்கத்து ஊரில் வகுப்பு இருக்கிறதாம், பேர் கொடுத்துவிட்டாராம். நீங்களும் வாங்கண்ணே, சும்மா துணைக்கு என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போக வர ஒன்றரை மணி நேரம் காரில் அவர் என் பேச்சைக் கேட்டுத்தானே ஆகணும் :-)

பி.கு: எச்1பி விசாவில் இருக்கும் மக்களே, உங்களுக்குத் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, கடைக்காரர் அந்தச் சந்தைக் காட்டித்தான் விற்கப் பார்ப்பார். கிரீன் கார்டுகாரர்கள் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பாக ஒரு குற்றத் தீர்ப்பு வந்தால் நாடு கடத்த அது ஒன்றே போதும். வக்கீலைக் கேட்காமல் எதையும் வாங்காதீங்க.