கண்ணாடி வெறும் மூடி அல்ல

பழைய காரின் ஹெட்லைட் மங்கிவிட்டது என்று போய் நின்றால், "டூமையே மாத்திடுங்க சார், எல்இடி போட்டுடலாம்" என்கிறார்கள். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை மூன்று ஒர்க்‌ஷாப்களில் கேட்டேன். மூன்றிலும் இதே பாட்டு. இது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அந்தக் கண்ணாடியை மூடி என்றே பலர் நினைக்கிறார்கள். உற்றுப் பாருங்கள், அதில் கோடு கோடாக வரிகள் இருக்கும். ரிஃப்ளெக்டர் தரும் வெளிச்சத்தைப் பரப்பி, சாலையில் இறக்குவது அந்த வரிகள்தான். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள். டிம் போட்டால் வெளிச்சம் இடது ஓரமாகச் சாய வேண்டும். வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்த யூனிட்டை மாட்டினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இழை பல்புக்கு என்று கணக்கிட்ட ரிஃப்ளெக்டருக்குள் கண்ட எல்இடியைத் திணித்தாலும் ஃபோகஸ் கலைந்து அதே கதிதான். கண்புரையோடு இரவில் சி.டி.எச். ரோட்டைக் கடக்கும் நம் வயதுக்காரர்கள் படும் பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது என்ன கம்பசூத்திரமா? ரிம்மையும் உள்வளையத்தையும் எடுத்தால் யூனிட் கையோடு வரும். வெளிச்சத்தின் உயரத்தையும் திசையையும் சரிசெய்யும் திருகுகளை மட்டும் தொடக்கூடாது. சிலவற்றில் கண்ணாடியை கிளிப்பும் ரப்பரும் பிடித்திருக்கும். சிலவற்றில் பசை. பசை என்றால் நிதானமாகச் சூடு காட்டி இளக்க வேண்டும். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல்தான். ரிஃப்ளெக்டரைத் துணியால் தேய்த்தால் அலுமினியப் பூச்சு போய்விடும். திரும்ப மாட்டும்போது கண்ணாடியின் மேல்பக்கம் மேலேயே இருக்க வேண்டும். வினிகர் வாசம் வரும் சிலிக்கானை ஒதுக்குங்கள், அதன் ஆவி பூச்சை அரிக்கும். கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் ஒன்றாக உருக்கி மூடிய சீல்டு பீம் மட்டும்தான் இதற்கு விதிவிலக்கு. அதைப் பிரிக்க முடியாது, முழுசாகத்தான் மாற்ற வேண்டும்.

பிளாஸ்டிக் எடை குறைவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது. புது வண்டிக்கு அது சரி. ஆனால் நம் வெயிலில் அது மஞ்சளாகிவிடும். ஐம்பது வருடக் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் இன்றும் பளிச்சென்று இருக்கும்.

எனக்குக் கோபம் வருவது இடத்தை நினைத்துத்தான். பாடியில் லூகாஸ்-டிவிஎஸ். திருமழிசைப் பக்கம் புதுச்சத்திரத்தில் ஹெட்லைட் தயாரிக்கும் தொழிற்சாலை. 1964-ல் வந்த அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் முப்பது வருடம் வேலை பார்த்தேன். அங்கே கையால் செய்ய முடியாதது என்று எதையும் பார்த்ததில்லை. நாட்டுக்கே விளக்கு செய்யும் வட்டாரத்தில் ஒரு கண்ணாடியைக் கழற்றி மாட்ட ஆளில்லையாம்!

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுபோனது. இருக்கும் ஒரிஜினல் கண்ணாடிதான் இனி மிச்சம். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் தனி விதியே வந்தது. அதுவும் வண்டி பழைய வடிவத்தில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது.

ஆகவே "கண்ணாடியை மட்டும் கழற்றி மாட்டித் தருவீர்களா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள். யூனிட்டை மாற்றியே ஆகவேண்டிய நிலை வந்தாலும், பழையதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். புதுப்பேட்டைக்குப் போனால் திரும்பி வராது.