பென்னலூருக்குப் புழு எதற்கு?

பென்னலூர்ப் பொறியியல் மாணவருக்கு ஆலை வேலைப் படிப்பு போதும், புழுவின் ஆயுள் எதற்கு என்கிறார் நண்பர். போதாது.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் ஒரு மில்லிமீட்டர் புழு. இரண்டு மூன்று வாரமே வாழும். இரையைக் குறைவாக விழுங்கும் ‘ஈட்-2’ வகை நீண்டு வாழ்வதை 1998இல் கண்டார்கள். ஆனால் தட்டில் வளர்த்தால் குஞ்சுகள் பெருகித் தாயோடு கலந்துவிடும். அதைத் தடுக்கப் போடும் மருந்தே ஆயுளை மாற்றக்கூடும். இதற்கு மாற்றாக, சிலிக்கோன் ரப்பரில் வார்த்த நுண்கால்வாய்ச் சில்லில் ஓடும் திரவம் குஞ்சுகளை அடித்துச் செல்கிறது, பாக்டீரியா இரையையும் அளந்து ஊட்டுகிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் சந்தியா கௌஷிகா இதுபோன்ற நுண்கால்வாய்ச் சில்லுகளில் உயிருள்ள புழுவின் நரம்புகளை ஆராய்ந்தார்.

குறைவாக உண்டால் ஆயுள் நீளுமா என்பதற்குப் புழு தரும் விடை மனிதருக்கு அப்படியே பொருந்தாது, உண்மை. ஆனால் இந்தச் சில்லுக்கு வேண்டிய அச்சு, வால்வு, பம்பு, கேமரா எல்லாம் பக்கத்து ஒரகடம் ஆலைகளில் அன்றாடம் புழங்கும் பொருள்கள். அந்தக் கைத்திறனை ஆலை வாசலோடு நிறுத்தச் சொல்ல நமக்கு என்ன உரிமை?