காய்ச்சல் விட்டது... சிறுநீர் ஏன் கடுங்காபி நிறத்தில் போகிறது?

``என் கணவருக்கு வயது 38. போன மாதம் ஃப்ளூ காய்ச்சல் வந்து நாலு நாளில் விட்டது. ஆனால், தொடையிலும் தோளிலும் பயங்கர வலி. படி ஏறவே முடியவில்லை. சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனது. `உடம்புச் சூடு' என்று நினைத்து இளநீரும், வலிக்கு மாத்திரையும் கொடுத்தேன். இரண்டு நாளில் சிறுநீரே குறைந்துவிட்டது. மருத்துவமனையில் சி.பி.கே 40,000 என்றார்கள். மூன்று முறை டயாலிசிஸ் செய்து, இப்போது வீடு திரும்பியிருக்கிறார். கிட்னி பழையபடி ஆகுமா? நான் செய்தது தவறா?''

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதைத் தொடங்கிவைத்தது வைரஸ்தான், நீங்கள் அல்ல.

வைரஸ் காய்ச்சலில் உடம்பு வலிப்பது சகஜம். அரிதாகச் சிலருக்குத் தசைச் செல்களே உடைந்துபோகும். இதற்கு `ராப்டோமயோலிசிஸ்' என்று பெயர். ஃப்ளூ மட்டுமல்ல, டெங்கு, கொரோனாவிலும் வரலாம். பொதுவாக 200, 300-க்குள் இருக்க வேண்டிய சி.பி.கே உங்கள் கணவருக்கு எகிறியது அதனால்தான். உடைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கும். சிறுநீரின் நிறத்தை மாற்றுவதும் அதுதான். பலர் இதை மஞ்சள்காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி தேடிப் போய்விடுகிறார்கள். தசை உடைந்தாலும் எஸ்.ஜி.ஓ.டி கூடும் என்பதால், ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் குழப்பம் வரும்.

இளநீர் விஷயத்துக்கு வருகிறேன். உடையும் தசை பொட்டாசியத்தையும் ரத்தத்தில் கொட்டும். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் முடங்கினால் அது வெளியேற வழியில்லை. இதயத் துடிப்பே தடுமாறலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். நல்ல மனதோடுதான் கொடுத்தீர்கள். ஆனால், இந்த நிலையில் இரண்டுமே கூடாது. நிறம் மாறிய அன்றே போயிருந்தால், சலைன் ஏற்றியே டயாலிசிஸைத் தவிர்த்திருக்க வாய்ப்பு உண்டு.

கிட்னி? பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் திரும்பிவிடும். கிரியாட்டினின், சி.பி.கே, பொட்டாசியம் மூன்றையும் மருத்துவர் சொல்லும் நாள்களில் தவறாமல் பாருங்கள். அவர் அனுமதிக்கும்வரை ஜிம், பளு தூக்குவது வேண்டாம். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்; அதுவும் தசையைப் பாதிக்கக்கூடியது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு விஷயம். ஃப்ளூ விடும் நேரத்தில் கெண்டைக்கால் வலித்து, நுனிக்காலில் நடப்பார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். பயப்பட வேண்டாம். ஆனால், சிறுநீரின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள்.